பத்துப் பேருடைய முழங்கை

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் அக்கா மகன், டீயைக் கையில் வாங்குவதற்கு முன்பே போனை நீட்டினான். "மாமா, இந்த மாதிரி ஒண்ணு வீட்லயே செய்யணும். முடியுமா?" படத்தில் இருந்தது போக்கர் மேசை. விளையாட்டு மைதானத்து ஓடுதளம் போல இரண்டு பக்கம் நேராகவும் இரண்டு முனை அரைவட்டமாகவும் இருந்தது. நடுவில் பச்சைத் துணி, சுற்றிலும் மெத்தென்ற கறுப்பு விளிம்பு. நண்பர் ஒருவருக்காக இதே மாதிரி மேசை ஒன்றைத் தச்சரோடு சேர்ந்து செய்தேன் என்பதும், அதில் ஓர் இடத்தில் நன்றாகச் சொதப்பினேன் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறான்.

காசு வைத்து ஆடுகிறீர்களா என்று முதலில் கேட்டேன். "இல்ல மாமா, தோத்தவன் பிரியாணி வாங்கித் தரணும், அவ்வளவுதான்" என்றான். அதுவும் காசுதான். ஆனால் அக்காவிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

மேசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்துவந்து, எங்கள் வீட்டுக் கண்ணாடி டீப்பாயில் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, "எடு" என்றேன். எடுக்க வரவில்லை. கண்ணாடியில் தட்டையாகப் படுத்துவிட்ட சீட்டுக்கு அடியில் நகம் நுழைய இடம் ஏது? விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் எடுத்தான். நகத்தால் நெம்பியிருந்தால் மூலை மடங்கியிருக்கும். மூலை மடங்கிய ஸ்பேட் ஏஸை அதற்கப்புறம் முதுகைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கல்யாண மண்டபத்து மாடி அறையில் ரம்மி ஆடுகிறவர்கள் மொசைக் தரையில் ஜமுக்காளம் விரித்துக்கொள்வது பின்பக்கம் குளிராமல் இருக்க மட்டும் அல்ல.

அடுத்து டீப்பாய்மேல் ஒரு துண்டை விரித்தேன். இப்போது சீட்டு சுலபமாகக் கைக்கு வந்தது. "சரி, அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு ஒரு சீட்டுப் போடு." விரலால் சுண்டிவிட்டான். அரை அடி போய்த் துண்டின் இழையில் மூக்கைக் குத்திக்கொண்டு புரண்டது. ஸ்பேட் ஏஸ் மல்லாந்து சிரித்தது.

போக்கர் மேசையின் பாதிச் சிக்கல் இவ்வளவுதான். எடுக்க மெத்தென்று இருக்க வேண்டும், தள்ள வழுக்க வேண்டும். ரம்மிக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. பதின்மூன்று சீட்டையும் விசிறி மாதிரி கையில்தானே பிடித்திருக்கிறோம். இவர்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து வரும், நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். அந்த இரண்டு சீட்டையும் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மூலையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஆட்டம் முழுக்க விரலும் மேசையும் உரசிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதாக, பந்தயமாக வைக்கிற சில்லு. நல்ல போக்கர் சில்லு 39 மில்லிமீட்டர் குறுக்களவு, சுமார் பத்துக் கிராம் எடை. ஜெயிக்கிறவன் இருபது இருபதாக அடுக்கி வைத்துக்கொள்வான். சோபா குஷனில் பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும், ஐந்தாவதுக்கு மேல் சாயத் தொடங்கும். ஆகவே மெத்தென்றும் இருக்க வேண்டும், அமுங்கவும் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பச்சைத் துணி விரித்த நடுப்பகுதி. மற்றதெல்லாம் சாதாரணத் தச்சு வேலை.

"அப்ப எதுக்கு மாமா இந்த வடிவம்? வட்டமா செஞ்சா போதாதா?"

போதும், ஆறு பேர் என்றால். ஓர் ஆள் மேசையோரம் முழங்கையை ஊன்றிச் சௌகரியமாக உட்கார 24 அங்குலம் வேண்டும். 4 அடி வட்ட மேசையின் சுற்றளவு 150 அங்குலம், ஆறு பேர் கணக்கு சரியாக வரும். எட்டு மூலை மேசை என்று ஒன்று உண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் என்று பார்க்க அழகாக இருக்கும். 4 அடி அகல எண்கோணத்தில் ஒரு பக்கம் 20 அங்குலம்கூட வராது. எட்டுப் பேரும் விலாவில் விலா இடிக்க உட்கார வேண்டியதுதான்.

இன்னும் பெரிய வட்டமாகப் போட்டால் கை எட்டாது. உட்கார்ந்த இடத்திலிருந்து சில்லை நடுவில் கொண்டுபோய் வைக்க இரண்டு அடி எட்டலாம், அதற்கு மேல் எழுந்து நிற்க வேண்டும். ஆகவே அகலம் 4 அடியோடு நிற்க வேண்டும். ஆள் கூடினால் நீளம்தான் கூட வேண்டும். 8 அடிக்கு 4 அடி வைத்து, இரண்டு முனையையும் அரைவட்டமாக வெட்டினால் சுற்றளவு சுமார் 247 அங்குலம். பத்துப் பேர். பிளைவுட் பலகையும் கடையில் 8க்கு 4 அடியாகத்தான் கிடைக்கிறது. முனையில் உட்கார்ந்தவருக்கு நடு கொஞ்சம் எட்டாது. பக்கத்திலிருப்பவர் தள்ளிவிடுவார், அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டு ஆணி அடித்து, நூல் கட்டி, பென்சிலால் இழுத்து முட்டை வடிவத்தில் வரைவது இன்னொரு முறை. பள்ளிக்கூடத்தில் நீள்வட்டம் வரைந்த அதே வித்தை. 8க்கு 4 அடிப் பலகையில் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் நாற்பத்தொன்றரை அங்குலத்தில் ஆணி வரும். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதன் சுற்றளவு 232 அங்குலம்தான், பத்தாவது ஆளுக்குப் பாதி நாற்காலி போய்விடும். அதோடு ஒவ்வோர் அங்குலத்துக்கும் வளைவு மாறிக்கொண்டே இருப்பதால் கருவி வைத்துச் சுத்தமாக வெட்டுவது கஷ்டம். எனக்கு அரைவட்ட முனைதான் பிடிக்கும்.

இதற்குள் டீ ஆறிவிட்டது. இன்னொன்று போடச் சொல்லிவிட்டு, நாளிதழின் ஓரத்தில் வரைந்து காட்டினேன்.

வேண்டியது இரண்டு பிளைவுட் பலகை. மேல் பலகை ஆறு நூல் கனம். தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பதால் ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம், கடைக்காரர் பாஷையில் 18 எம்.எம். முழுப் பலகை ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. கீழ்ப் பலகை 12 எம்.எம். போதும், அடியில் சட்டம் கொடுத்துவிட்டால் தாங்கும். வெள்ளம் வருகிற இடமில்லை என்றால் மரைன் பிளைவுட்டுக்குக் காசு கொட்ட வேண்டாம். ஆனால் பலகை திருகாமல் நேராக இருக்கிறதா என்று கடையிலேயே ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்து எடு. வீட்டுக்கு வந்தபின் பார்த்துப் பிரயோஜனமில்லை.

பலகையின் நீள வாக்கில் நடுக்கோடு போட்டு, இரண்டு முனையிலிருந்தும் 2 அடி உள்ளே ஒவ்வோர் ஆணி. ஒரு ரீப்பர் துண்டில் ஓட்டை போட்டு அந்த ஆணியில் மாட்டி, 24 அங்குலத்தில் ஒரு பென்சில் ஓட்டை, 19 அங்குலத்தில் இன்னொன்று. சுற்றினால் வெளி அரைவட்டமும் உள் அரைவட்டமும் ஒரே ஆணியில் விழுந்துவிடும். நேர்ப்பக்கங்களை இணைத்துவிட்டால் 5 அங்குல அகலத்தில் ஒரு வளையம், அதற்குள் 7 அடி 2 அங்குலத்துக்கு 3 அடி 2 அங்குலத்தில் ஒரு பலகை. வளையம் கையூன்றும் விளிம்பு, உள் பலகை ஆடுகிற தளம். ஒரே பலகையிலிருந்து இரண்டும் வந்துவிடும். அடியில் முழு அளவுக்கு வெட்டிய இரண்டாவது பலகைமேல் இவை உட்காரும்.

நான் சொதப்பியதும் இங்கேதான்.

தச்சர் மரம் குடைகிற ரவுட்டர் மெஷினைக் கொண்டுவருகிறேன் என்றார். நான்தான் அவசரப்பட்டு, இருக்கிற ஜிக்சாவிலேயே வெட்டிவிடலாம் என்றேன். ஜிக்சா பிளேடு போகிற வழியில் அரை நூல் இடைவெளிதான் விழும். வெட்டிய கையோடு உள் பலகையை வளையத்துக்குள் வைத்துப் பார்த்தோம், டப்பாவும் மூடியும் மாதிரி கச்சிதம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வளையத்துக்கு ஃபோம் வைத்து ரெக்சின் இழுத்து அடித்தோம், உள் பலகைக்குத் துணி போர்த்தினோம். மறுபடி உள்ளே வைத்தால் இறங்க மறுத்தது. ரெக்சினும் துணியும் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் கனத்துக்கு நான் இடமே விடவில்லை. முழங்காலை வைத்து அழுத்தினேன், ரெக்சின் சுருங்கிக்கொண்டு மேலே வந்தது. தச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அடித்த பின்னையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறடால் பிடுங்கி, துணியைக் கழற்றி, உள் பலகையைச் சுற்றிலும் ஒன்றரை நூல் இழைத்து எடுக்க அரை நாள் ஆயிற்று.

6 எம்.எம். பிட் போட்ட ரவுட்டரை அதே ஆணியில், அதே ரீப்பரில் மாட்டிச் சுற்றியிருந்தால் இரண்டு நூல் இடைவெளி தானாகக் கிடைத்திருக்கும், ஓரமும் பிசிறில்லாமல் வந்திருக்கும். ஜிக்சாதான் இருக்கிறது என்றால், நல்ல முகத்தைக் கீழே பார்க்க வைத்து வெட்ட வேண்டும். பிளேடு மேலே வரும்போதுதான் அறுக்கிறது, சிராய் மேல்பக்கம்தான் பெயரும். வெட்டி முடித்ததும் ரெக்சின் துண்டு ஒன்றையும் துணித் துண்டு ஒன்றையும் நடுவில் செருகி, நான்கு இடத்தில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்.

விளிம்புக்கு ஃபோம் வாங்கும்போது கடைக்காரர் "என்ன டென்சிட்டி சார்?" என்பார். 40 டென்சிட்டி கேள், ஓர் அங்குலக் கனம். லேசான ஃபோம் தொட்டால் சுகமாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் பத்துப் பேருடைய முழங்கையும் அதில் பள்ளமாகப் பதிந்துவிடும். எஸ்.ஆர். பசையை ஃபோமிலும் பலகையிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ரெக்சின் இழுப்பது இந்த வேலையிலேயே பொறுமை கேட்கிற இடம். பின்பக்கம் துணி வைத்த, நாலு பக்கமும் இழுபடுகிற ரகமாகப் பார்த்து வாங்கு. வளையத்தை ஃபோமோடு கவிழ்த்துப் போட்டு, முதலில் வெளி ஓரம். நேர்ப்பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒரு பின், பிறகு இரண்டு முனை, பிறகு நடுவிலிருந்து இரு புறமும். கட்டில் கயிறு இறுக்குகிற மாதிரிதான், ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால் கோணிவிடும். வெளி வளைவில் ரெக்சின் மிஞ்சும், சிறு சிறு கொசுவமாக மடித்து அடியில் தள்ளிவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாது. உள் வளைவில் நேர்மாறு, அங்கே ரெக்சின் பற்றாது. நடுவை வெட்டி எடுத்தபின், ஓரத்திலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடைக்கு ஒரு கீறல் போட்டால்தான் திரும்பும். கீறல் பலகை ஓரத்துக்கு அரை அங்குலம் முன்பே நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினால் மேலே கிழிசல் தெரியும், அப்புறம் அந்த ரெக்சின் ஸ்கூட்டர் சீட்டுக்குத்தான். உங்கள் தெருவில் சோபா குஷன் வேலை செய்கிறவர் இருந்தால் இந்த ஒரு நாளைக்கு அவரைக் கூப்பிட்டுக்கொள், தப்பில்லை.

சிலர் இந்த விளிம்பிலேயே டம்ளருக்குத் துளை போடுவார்கள். நம் எவர்சில்வர் டம்ளரின் வாய் விரிந்திருப்பதால், வாயைவிட ஒரு நூல் குறைத்துத் துளை போட்டால் போதும், தொங்கிக்கொண்டு நிற்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. முழங்கைக்கு என்று பார்த்துப் பார்த்து விட்ட 5 அங்குலத்தில் 3 அங்குலத்தை டம்ளருக்குக் கொடுப்பானேன்? இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுவிடு.

தளத்துக்கு வருவோம். பலகைமேல் 3 எம்.எம். அல்லது 5 எம்.எம். கெட்டி ஃபோம். யோகா பாயை விரலால் அமுக்கினால் உடனே நிமிர்கிறதே, அந்த ஜாதி. அதற்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியிருக்கும், அதனால் காற்று வெளியேறாது, அமுங்கியே கிடக்காது. பஞ்சு ஃபோம் கூடாது, சில்லடுக்கு சாயும். ஃபோமைப் பலகையில் ஒட்டலாம், ஆனால் துணியை ஃபோமில் ஒட்டாதே. பசை மேலே ஊறிக் கறையாகும், பிறகு துணி மாற்றவும் முடியாது. இழுத்து அடியில் பின் அடித்தால் போதும். வளையத்தையும் கீழிருந்து போல்ட் போட்டுப் பிடித்துவிட்டால், இரண்டு வருஷம் கழித்து துணி நைந்ததும் வளையத்தைக் கழற்றிப் புதுத்துணி போட்டுக்கொள்ளலாம்.

துணி என்றதும் எல்லோரும் பச்சை ஃபெல்ட்டைத்தான் நினைப்பார்கள். ஃபெல்ட் நெய்த துணி இல்லை, கம்பளி இழைகளை அமுக்கிச் செய்தது. நாளடைவில் உருண்டை உருண்டையாகத் திரளும், டீ சிந்தினால் குடித்துவிடும். இப்போது போக்கர் மேசைக்கென்றே பாலியெஸ்டரில் நெய்து, மேலே நீர் ஒட்டாத பூச்சுக் கொடுத்த துணி வருகிறது. அதில் சீட்டு எண்ணெய் தடவின மாதிரி ஓடும், சிந்திய டீ முத்து முத்தாக நிற்கும், துடைத்துவிடலாம். பச்சை நிறம் பில்லியர்ட்ஸ் மேசை வழியாக வந்தது. அந்த ஆட்டமே ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புல்தரையில் ஆடியதாம், வீட்டுக்குள் வந்தபோது புல்லின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. நீலம், சிவப்பு எதுவும் போடலாம். சீட்டின் முதுகு என்ன நிறமோ அதை மட்டும் தவிர்த்துவிடு, கண் வலிக்கும்.

"டிவில காட்டும்போது அவங்க சீட்டு நமக்கு எப்படி மாமா தெரியுது?"

அதுவும் மேசை வேலைதான். போலந்தில் பிறந்து, நாஜி வதைமுகாம்களில் பிழைத்து, அமெரிக்கா போய்ப் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆளான ஹென்றி ஓரன்ஸ்டைன் என்று ஒருவர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் ஹாஸ்ப்ரோ கம்பெனி வழியாக அமெரிக்காவுக்கு வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. போக்கரைத் தொலைக்காட்சியில் காட்டினால் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வருகிறதே, சீட்டு தெரியாமல் எதைப் பார்ப்பது என்று யோசித்து, மேசையிலேயே கேமராவை வைக்கும் ஏற்பாட்டுக்கு 1995இல் காப்புரிமை வாங்கினார். 1999இல் இங்கிலாந்தின் சேனல் 4இல் வந்த லேட் நைட் போக்கர் நிகழ்ச்சியில் ஒவ்வொருவர் முன்னாலும் கண்ணாடி பதித்து அடியிலிருந்து படமெடுத்தார்கள். கண்ணாடியில் சீட்டை எடுக்க அவர்கள் என்ன பாடு பட்டார்களோ என்று எனக்கு ஒரு கவலை. பின்னால் கேமரா இந்த விளிம்புக்கே இடம் மாறிவிட்டது.

இப்படிச் சீட்டு தெரியத் தொடங்கிய பிறகு, 2003இல் கிறிஸ் மணிமேக்கர் (நிஜமாகவே குடும்பப் பெயர் அதுதான்) என்ற டென்னஸி கணக்காளர், இணையத்தில் ஆடி இடம் பிடித்து, லாஸ் வேகாஸ் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அடுத்த மூன்றே வருஷத்தில் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். அமெரிக்காவில் கார் ஷெட்டுக்குள் ஆளாளுக்குப் பிளைவுட்டை வெட்டத் தொடங்கியதும் அந்த அலையில்தான்.

கால் விஷயம் பாக்கி. சாப்பாட்டு மேசைக்குப் போல நான்கு மூலையில் கால் வைத்தால் பத்து ஜோடி முழங்காலில் நான்கைந்து இடிபடும். வளைவு வரைய ஆணி அடித்தோமே இரண்டு இடம், அதற்கு நேர் கீழே ஒவ்வொரு தூண் நிறுத்து. முனையில் எங்கே உட்கார்ந்தாலும் தூண் இரண்டு அடி உள்ளே இருக்கும். தூணின் அடிப்பாதம் மட்டும் அகல வாக்கில் இரண்டரை அடியாவது நீள வேண்டும். இல்லாவிட்டால் யாராவது விளிம்பில் கையூன்றி எழுந்திருக்கும்போது மேசை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். விளிம்பின் மேல்முகம் தரையிலிருந்து 30 அங்குலம். அதிலிருந்து ஃபோம், இரண்டு பலகை, அடிச் சட்டம் எல்லாம் கழித்தால் தொடைக்கு 26 அங்குலம் மிஞ்சும். சட்டத்தைக் கனமாகப் போட்டு அதைக் குறைத்துவிடாதே.

"எல்லாம் சரி. உங்க ஃபிளாட் எத்தனாவது மாடி?"

"அஞ்சு மாமா. லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட் உயரம் எவ்வளவு?"

முழித்தான். 8 அடிப் பலகை சாதாரண அபார்ட்மெண்ட் லிஃப்டில் நிற்காது. படிக்கட்டில் ஏற்றலாம், திருப்பத்தில் குறுக்கே சிக்காமல் இருந்தால். தனித்தனிப் பலகையாக மேலே கொண்டுபோய், வெட்டுகிற வேலையை மொட்டை மாடியிலும் பூட்டுகிற வேலையைக் கூடத்திலும் வைத்துக்கொள்வது உத்தமம். முழுசாகப் பூட்டிய மேசை அறுபது எழுபது கிலோ வரும். அது ஒருமுறை கூடத்தில் உட்கார்ந்தால் வீடு மாற்றுகிற அன்றைக்குத்தான் எழுந்திருக்கும்.

மரம் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். பழைய நாளிதழ்களை ஒட்டி, இதே அளவுக்கு வெட்டி, கூடத்துத் தரையில் விரித்து, நாற்காலிகளைச் சுற்றிப் போட்டுப் பார். நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடக்க வழி இருக்கிறதா, ஃபேன் நடுவில் வருகிறதா என்று பார்.

நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தரையில் கட்டம் கட்டமாக விளம்பரங்கள் நிறைந்த காகித மேசை, ஒரு முனை பால்கனிக் கதவுவரை போயிருந்தது. கீழே எழுதியிருந்தான்: "மாமா, என் சேருக்கெல்லாம் கை இருக்கு. எட்டுதான் உட்காருது. ரெண்டு பேரைக் கழட்டி விடவா, இல்ல சேரை மாத்தவா?"

சேரை மாற்று என்று பதில் போட்டேன்.